வேலை நாய்க் குட்டி கவ்விய விளையாட்டுச் சாமானைச் சொன்னதும் விட வைப்பது எப்படி?

உங்கள் கேள்வி இதுதான்: நான்கு மாத மாலினோய்ஸ் (பொலிஸ், இராணுவ வேலைக்குப் பழக்குகிற நாய் இனம்) குட்டி, கயிற்றுச் சாமானைக் கவ்வினால் விடுவதில்லை, இழுத்தால் உறுமுகிறது, "விடு" என்று கத்தியும் பயனில்லை. மீதியை நானே ஊகித்துக்கொள்கிறேன். வீட்டில் ஒருவர் தாடையை நெரித்து வாயைத் திறந்திருப்பார். இன்னொருவர் மூக்கில் தட்டியிருப்பார். இப்போது குட்டி உங்களைக் கண்டதுமே சாமானைத் தூக்கிக்கொண்டு கட்டிலுக்குக் கீழே போகிறது. சரியா?

எனக்கு முன்னால் பதில் சொன்ன ஒருவர், "நாலு அடி போடுங்கள், தானாக விடும்" என்று எழுதியிருக்கிறார். அதைப் பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் நாய்ப் பயிற்சியாளர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மட்டக்களப்புக்குப் பக்கத்தில் ஆரையம்பதியில் இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறேன். வீட்டுக்காரர் கட்டாரில். வளவில் ஆண் துணை என்றால் மாமா ஒருவர்தான், அவரும் விடியப்புறத்தில் வலையோடு வாவிக்குப் போய்விடுவார். அதனால்தான் காவலுக்கு ஒரு அல்சேஷன் (ஜெர்மன் ஷெப்பர்ட்) பெட்டைக்குட்டி வாங்கினோம். பெயர் ராணி. வந்த நாளிலிருந்து ஊரில் கேட்காத பேச்சில்லை. "பொம்பிளப் புள்ள சொல்லி அல்சேஷன் கேக்குமா?" என்று மாமாவே கேட்டார். அந்தக் கேள்வி எனக்கு இன்னும் சுடுகிறது, அதனால் பதில் கொஞ்சம் நீளும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ராணி கவ்வாத பொருளில்லை. பாட்டா செருப்பு, மகளின் பள்ளிக்கூடச் சப்பாத்து, பொச்சுமட்டை, கொடியில் காய்கிற துவாய். இவையெல்லாம் போனால் போகட்டும். எனக்கு உண்மையான பயம் மாமாவின் வீச்சுவலை. அது வேலியில்தான் காயும். அதன் விளிம்பு முழுக்க ஈயக் குண்டுகள், மற்றதெல்லாம் நைலோன் நூல். நாய் நூலை விழுங்கினால் ஒரு முனை நாக்குக்குக் கீழேயோ இரைப்பையிலோ சிக்கி நிற்கும். மறுமுனை குடலுக்குள் இறங்கும். குடல் அந்த நூலின் மேல் சுருங்கிச் சுருங்கிக் கடைசியில் அறுபட்டும் போகலாம். ஈயம் வயிற்றில் தங்கினால் அது நஞ்சு. ஆகவே "விடு" என்ற சொல் எங்கள் வீட்டில் விளையாட்டுக்காக வந்ததல்ல.

குட்டி ஏன் விடுவதில்லை என்பதை முதலில் பார்ப்போம். ஓநாய் வேட்டையாடுவதில் ஒரு வரிசை உண்டு: உற்றுப் பார்க்கும், பதுங்கும், துரத்தும், கவ்வும், கொல்லும், கிழித்துத் தின்னும். மந்தை மேய்க்கும் நாய்களை உருவாக்கியவர்கள் இதன் முன்பாதியைக் கூர்மையாக்கி, பின்பாதியை மழுங்க வைத்தார்கள். 1899இல் ஜெர்மனியில் மேக்ஸ் வான் ஸ்டெபானிட்ஸ் என்பவர் அல்சேஷனைத் தனி இனமாகப் பதிவு செய்யத் தொடங்கியது அப்படியான மேய்ப்பு நாய்களை வைத்துத்தான். உங்கள் மாலினோய்ஸின் பெயரும் பெல்ஜியத்தில் மாலீன் என்ற நகரத்தின் பெயரிலிருந்து வந்தது, அதுவும் மேய்ப்பு நாய்தான். பிறகு பொலிசும் இராணுவமும் வந்து, துணிந்து கவ்விப் பிடித்து வைத்திருக்கும் நாய்களாகப் பார்த்துப் பெருக்கின. எனவே உங்கள் குட்டி பிடிவாதம் பிடிக்கிறது என்று கோபப்பட வேண்டாம். நீங்கள் காசு கொடுத்து வாங்கியதே அந்தக் குணத்தைத்தான்.

இன்னொன்று. நீங்கள் இழுக்க இழுக்க அதன் பிடி இறுகும். சித்திரைப் புத்தாண்டுக்குக் கயிறிழுத்தல் போட்டி வைப்பார்களே, எதிர்ப்பக்கம் பலமாக இழுக்கும்போது யாராவது கயிற்றை விடுவார்களா? குட்டிக்கும் அதே கதைதான். ஒருநாள் உங்கள் கை முனையைச் சும்மா விட்டுப் பாருங்கள். பெரும்பாலான குட்டிகள் கொஞ்ச தூரம் ஓடிவிட்டு, "இழு" என்று அதே சாமானைத் திருப்பிக் கொண்டுவந்து உங்கள் காலில் முட்டும். வேலை நாய்க்கு வேண்டியது அந்த மல்லுக்கட்டு. அது எப்போது தொடங்கும், எப்போது நிற்கும் என்பதை உங்கள் கையில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

நான் செய்தது இப்படி. ராணியின் கழுத்துப் பட்டியில் ஒரு நீளக் கயிறு கட்டிக்கொள்வேன். சாமானோடு ஓடினால் துரத்தக் கூடாது, துரத்துவதுதான் அவளுக்குப் பெரிய பரிசு. கயிற்றை மிதித்தால் போதும். கொஞ்ச நேரம் இழுத்து விளையாடுவேன். பிறகு சட்டென்று சாமானை என் தொடையோடு ஒட்டி வைத்துக்கொண்டு அசையாமல் நின்றுவிடுவேன். மற்றக் கையால் கழுத்துப் பட்டியை மெல்லப் பிடித்திருப்பேன், அவள் பின்னுக்கு இழுக்காதபடி. பேச்சில்லை, திட்டில்லை, கண்ணுக்குக் கண் பார்ப்பதும் இல்லை. சாமான் செத்த மாதிரி ஆகிவிட வேண்டும். முதலில் சும்மா சும்மா கடித்து உலுப்புவாள், உறுமுவாள். நாம் கல்லாக நின்றால் அது சலித்துப்போகும். வாய் தளர்கிற அந்த நொடியில் "சரி!" என்று சொல்லி, உடனே அதே சாமானை உயிர் வந்த மாதிரி ஆட்டிக் கவ்வக் கொடுப்பேன்.

பறித்து வைத்துக்கொள்வது கிடையாது, கவனியுங்கள். விட்டதும் திருப்பிக் கொடுக்க வேண்டும். எல்லோரும் வழுக்குகிற இடம் இதுதான். குட்டி விட்டதும் "அப்பாடா" என்று சாமானை அலுமாரிக்கு மேலே வைத்துவிடுகிறார்கள். விட்டால் நட்டம் என்று அது அன்றைக்கே படித்துவிடும். பத்தில் எட்டு, ஒன்பது தடவையாவது திருப்பிக் கிடைத்தால்தான், விடுவது ஆட்டத்தைத் தொடங்கும் வழி என்று அதற்குப் புரியும்.

நான் அசையாமல் நின்றதுமே அவள் வாய் தளரத் தொடங்கிய பிறகுதான் சொல்லைச் சேர்த்தேன். ஒரே ஒரு தடவை, சாதாரணக் குரலில் "விடு". ஒரு மூச்சு விடுகிற இடைவெளி. அதன் பிறகே சாமானைத் தொடையோடு ஒட்டுவேன். சொல்லும் அசையாமல் நிற்பதும் ஒரே நேரத்தில் நடந்தால் நாய் நம் உடம்பைத்தான் கவனிக்கும், சொல் காதில் ஏறாது. "விடு விடு விடு" என்று கத்திக்கொண்டே இழுத்தால், அந்தச் சொல் இன்னும் பலமாகப் பிடிக்கச் சொல்கிற சொல்லாக அதன் தலையில் பதிந்துவிடும். உங்கள் வீட்டில் அது நடந்திருந்தால் வேறு சொல்லுக்கு மாறிவிடுங்கள்.

தீனி காட்டி விட வைக்கலாமா என்றால், வைக்கலாம். அவித்த ஈரலைச் சின்னத் துண்டுகளாக்கி மூக்கடியில் கொண்டுபோனால் பல குட்டிகள் விடும். ஆனால் வெறி ஏறிய வேலை நாய்க்குச் சிலநேரம் இறைச்சியே கண்ணில் படாது. ராணி அந்த ரகம். அவளுக்கு அதே மாதிரி இரண்டாவது சாமான்தான் சரிவந்தது. கையில் ஒன்று செத்துக் கிடக்கும், மற்றது தரையில் துள்ளும். தீனி பாவிப்பவர்கள் அதை முன்கூட்டியே காட்டிப் பழக்கக் கூடாது. காட்டினால் கையில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் விடுவதா இல்லையா என்று அது முடிவெடுக்கும்.

அந்த இரண்டு சாமான்கள் பற்றியும் சொல்ல வேண்டும். சணலில் தைத்த இழுவைச் சாமான் இரண்டு வாங்கலாம் என்று இணையத்தில் கொழும்புக் கடை ஒன்றில் காசு கட்டினேன். அனுப்பும் கூலி தனி. ஒருநாள் கூரியர்காரர் போன் எடுத்து, "அக்கா, உங்கட பக்கம் வாறது கஷ்டம், டவுனுக்கு வந்து எடுங்கோ" என்றார். வீட்டு வாசலுக்கு என்று காசு வாங்கிவிட்டு டவுனுக்கு வா என்றால் என்ன நியாயம்? ஆரையம்பதி என்ன அந்தமான் தீவிலா இருக்கிறது? கல்முனைக்குப் போகிற பெரிய ரோட்டில்தானே இருக்கிறது. நான் ஓட்டோ பிடித்துப் போனால் சாமானின் விலையைவிட ஓட்டோக் காசு கூட வரும். முறைப்பாடு சொன்னால் சிங்களத்தில் ஒரு பதிவு செய்த குரல் பாட்டுப் போடுகிறது. கொழும்புக்கு வெளியே இருப்பவன் எல்லாவற்றுக்கும் இரண்டு தரம் காசு கட்ட வேண்டும் என்பது எழுதாத சட்டம் போல. கடைசியில் பொதி திரும்பிப் போய்விட்டது. நான் பழைய சணல் சாக்கை வெட்டி, மடித்து, இறுக்கித் தைத்து இரண்டு செய்துகொண்டேன். கடைச் சாமானைவிட அதுதான் நன்றாக உழைத்தது. உரப்பையில் செய்ய வேண்டாம், அது பிளாஸ்டிக் நூல் நூலாக உரிந்து வரும்.

இனி, "இழுத்து விளையாடினால் நாய் முரடாகும்" என்று கீழே எழுதப் போகிறவர்களுக்கு. சட்டம் இல்லாமல் இழுத்தால் தொல்லைதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் விளையாட்டின் நடுவே, உச்ச வெறியில், ஒரு சொல்லுக்கு வாயைத் திறக்கப் பழகிய நாய் எப்படி முரடாகும்? இந்த இன நாய்களுக்கு ஜெர்மனியில் தொடங்கி இன்று பல நாடுகளில் வைக்கிற சோதனையில், ஆள் கையில் மாட்டியிருக்கும் தடித்த காப்பு உறையைக் கவ்விய நாய் சொல்லுக்கு விடவில்லை என்றால் அது தேறாது. மாமாவுக்கு இதைச் சொன்னபோது நம்பவில்லை. கண்ணிவெடி தேடிய நாய்களைச் சொன்னேன். 2017இல் எங்கள் மட்டக்களப்பு மாவட்டத்தைக் கண்ணிவெடி நீங்கிய மாவட்டமாக அறிவித்தார்கள், அந்தப் பேச்சு அவருக்கு விளங்கும். அப்படியான நாய்களுக்குப் பெரும்பாலும் கூலி ஒரு ரப்பர் பந்துதான். பந்தைத் திருப்பிக் கொடுத்தால்தான் அடுத்த தேடல். "அப்ப அதுகளுக்கும் அடியில்லையா?" என்றார். இல்லை மாமா என்றேன். பதில் சொல்லாமல் வெற்றிலையை எடுத்தார்.

சாக்கில் பழகியது வலைக்குத் தானாக வராது, அதையும் எழுதிவிட வேண்டும். நாய்க்கு ஒவ்வொரு பொருளும் புதிது. நான் சாக்கிலிருந்து பழைய துவாய், அங்கிருந்து செருப்பு, பிறகு பொச்சுமட்டை என்று மெல்ல மெல்லப் போனேன். முதலில் வளவுக்குள், பிறகு முற்றத்தில் பிள்ளைகள் ஓடும்போது, பிறகு படலையடியில்.

அப்புறம் ஒருநாள் அது நடந்தது. மாமா வலையை வேலியில் போட்டுவிட்டு முகம் கழுவப் போனார். ராணி விளிம்பைக் கவ்வி இழுத்துவிட்டாள். மாமா, "புள்ள, வலை!" என்று கத்திக்கொண்டு பிடிக்க ஓடினார். அவர் பிடித்திருந்தால் இழுபறியாகி வலையும் போயிருக்கும், நாயும் போயிருக்கும். "மாமா, தொடாதீங்க, நில்லுங்க" என்றேன். அவரிடம் நான் அப்படிக் குரல் உயர்த்தியதே இல்லை. அவர் நின்றுவிட்டார். பிறகு ராணியிடம் சாதாரணமாக, "விடு." அவள் என்னைப் பார்த்தாள், வாயைத் திறந்தாள். வலை கீழே விழுந்தது. உடனே இடுப்பில் செருகியிருந்த சாக்கை எடுத்து அவளோடு நன்றாக மல்லுக்கட்டினேன், ஏனென்றால் வலையைத் திருப்பிக் கொடுக்க முடியாது, அதற்கு ஈடாக ஏதாவது கிடைத்தே ஆக வேண்டும். அன்று முதல் மாமா வலையை உயரத்தில் கட்டுகிறார். பொம்பிளைப் பிள்ளை சொல்லைப் பற்றி அவர் பிறகு பேசவில்லை. பேசியவர்கள் ஊரில் இன்னும் சிலர் உண்டு, அவர்கள் இதை வாசிக்கட்டும்.

உங்கள் குட்டிக்கு மட்டும் சில விஷயம். நான்கு மாதம் என்றால் பல் மாறுகிற காலம். 28 பால் பற்கள் விழுந்து 42 நிலைப் பற்கள் வரும்போது குட்டிக்கு ஆறேழு மாத வயதாகிவிடும். முரசு (ஈறு) நோகும்போது பலமாக இழுக்காதீர்கள். மெல்லிய துணி, தரையோடு ஒட்டி, மெதுவாக. மேலே தூக்குவதும் வெட்டி இழுப்பதும் கழுத்துக்கு ஆகாது. கச்சான் என்ற சுடுகாற்று அடிக்கிற மாதங்களில் பகலில் வேண்டவே வேண்டாம், விடியவோ பொழுதுபட்ட பிறகோ சில நிமிடம் போதும், குட்டி சலிக்குமுன் நிறுத்துங்கள். நிறுத்தும்போது ஒரு பிடி தீனியைப் புல்லில் தூவிவிட்டு, அது தேடும் நேரத்தில் சாமானை எடுத்து மறைத்துவிடுங்கள்.

விளையாட்டு உறுமலுக்குப் பயப்பட வேண்டாம், வால் ஆடும், உடம்பு நெகிழ்ந்திருக்கும். உடம்பு விறைத்து, சாமானுக்கு மேலே தலையைக் குனிந்து, கண்ணின் வெள்ளை தெரிய முறைத்தால் அது வேறு விஷயம். அப்போது நான் எழுதியதை வைத்து முயற்சி செய்யாமல் மிருக வைத்தியரிடம் காட்டுங்கள், பிள்ளைகளைத் தள்ளி வையுங்கள். பல் பட்டுக் காயம் வந்தால் சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள், சொந்தக் குட்டிதானே என்று விடாதீர்கள். அதற்கு விசர்நாய்த் தடுப்பூசி போட்டாயிற்றா என்பதை நீங்கள் எழுதவில்லை. போடவில்லை என்றால் "விடு" பழக்குவது அடுத்த கிழமை, ஊசி இந்தக் கிழமை.