ஆறப்போட்டால் ஆறாது: விபத்துக்குப் பிறகு நிருபர்களை எப்படிச் சந்திப்பது?

கேள்வி: ஒரு மக்கள் பிரதிநிதியிடம் பத்திரிகைத் தொடர்பைக் கவனித்துக்கொள்கிறேன். நேற்று மாலை சைக்கிள் பேரணியில் தலைவர் தடுமாறி, ஓரமாக நின்றிருந்த ஒரு வயதான அம்மா மீது மோதிவிட்டார். அந்த அம்மாவுக்கு மணிக்கட்டில் எலும்பு முறிவு. வீடியோ சுற்ற ஆரம்பித்துவிட்டது, நிருபர்கள் விடாமல் போன் செய்கிறார்கள். "ரெண்டு நாள் ஆறப்போடு, தானா அடங்கிடும்" என்கிறார் தலைவர். என்ன செய்வது?

பதில்: ஆறப்போட வேண்டாம். இன்றைக்கே பேச வேண்டும், அதுவும் நீங்கள் அல்ல, அவரே பேச வேண்டும். என் பதில் அவ்வளவுதான். ஆனால் தலைவர் முன்னால் போய் நின்று இதைச் சொல்லப்போவது நீங்கள், அவர் உடனே "ஏன்?" என்றுதான் கேட்பார். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அமெரிக்கத் துணை அதிபராக இருந்த டிக் செனியின் கதையை அவரிடம் சொல்லுங்கள். 2006 பிப்ரவரி 11, சனிக்கிழமை மாலை. டெக்சாஸில் ஒரு பண்ணையில் காடை வேட்டை. பறவையைக் குறிவைத்துத் திரும்பிச் சுட்டவர், கூட வந்திருந்த 78 வயது வழக்கறிஞர் ஹாரி விட்டிங்டனைச் சுட்டுவிட்டார். முகம், கழுத்து, மார்பு எல்லாம் சின்னச் சின்ன ரவைகள். அந்த இரவு வெள்ளை மாளிகையிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. மறுநாள்தான் விஷயம் வெளியே வந்தது, அதுவும் பண்ணைக்காரர் அந்த வட்டாரப் பத்திரிகை ஒன்றுக்குச் சொல்லி. சுட்டது செனிதான் என்பது அதிபரின் செய்தித் தொடர்பாளர் ஸ்காட் மெக்லெல்லனுக்கே ஞாயிறு காலையில்தான் தெரிந்ததாம். திங்கட்கிழமை பிரஸ் மீட்டில் நிருபர்கள் அவரை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டார்கள். அன்று அவர்கள் துப்பாக்கியைப் பற்றிக் கேட்டதைவிட, "ஏன் இவ்வளவு நேரம்? யார் முடிவு செய்தது? ஏன் உங்களுக்கே தெரியவில்லை?" என்று கேட்டதுதான் அதிகம்.

இதை நன்றாகக் கவனியுங்கள். விபத்து ஒரு நொடியில் நடந்து முடிந்துவிட்டது, அதைப் பற்றிக் கேட்க நாலைந்து கேள்விகளுக்கு மேல் இல்லை. மௌனம் அப்படியல்ல, அது மணிக்கணக்கில் நீளும், ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு கேள்வி முளைக்கும்.

அப்புறம் இன்னொரு தப்பும் நடந்தது. விட்டிங்டன் பின்னால் வந்தபோது குரல் கொடுக்கவில்லை என்று, அடிபட்டவர் மேலேயே பழி விழுவது மாதிரி முதலில் பேச்சு வந்தது. செவ்வாய்க்கிழமை காலையில் மெக்லெல்லன் இந்தச் சம்பவத்தை வைத்து ஒரு ஜோக்கும் அடித்தார். அன்றைக்கே விட்டிங்டனுக்கு ஒரு ரவை இதயத்தில் தங்கி லேசான மாரடைப்பு வந்ததாகச் செய்தி வந்தது. கடைசியில் புதன்கிழமைதான் செனி ஃபாக்ஸ் நியூஸ் டிவியில் உட்கார்ந்து, இது ஹாரியின் தப்பில்லை, விசையை அழுத்தி நண்பரைச் சுட்டது நான்தான் என்று சொன்னார். மறைப்பில்லாத, நேரான பேச்சு. அதையே சனிக்கிழமை இரவு சொல்லியிருந்தால் நடுவில் நான்கு நாள் அவமானம் மிச்சமாகியிருக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

அரைகுறையாகச் சொல்வதும் உதவாது. 2016 செப்டம்பர் 11 அன்று, இரட்டைக் கோபுரத் தாக்குதல் நினைவு நிகழ்ச்சியிலிருந்து அப்போதைய அதிபர் வேட்பாளர் ஹிலாரி கிளிண்டன் பாதியில் கிளம்பியபோது, வெயில் சூட்டினால் அசௌகரியம் என்றார்கள். அவர் கால் தடுமாறிச் சரிவது வீடியோவாக வந்தது. மாலையில், வெள்ளிக்கிழமையே நிமோனியா கண்டுபிடிக்கப்பட்டிருந்ததாக மருத்துவர் அறிக்கை வந்தது. நிமோனியா யாருக்கும் வரலாம். ஆனால் முதல் விளக்கம் மாறியதுதான் பெரிய செய்தியானது. மாறாக 2002 ஜனவரியில் அப்போதைய அதிபர் ஜார்ஜ் புஷ் டிவியில் அமெரிக்கக் கால்பந்து பார்த்துக்கொண்டே பிரெட்ஸல் என்கிற முறுக்கு மாதிரியான தின்பண்டத்தைத் தின்று, அது தொண்டையில் சிக்கி மயங்கி விழுந்தார். அன்று இரவே மருத்துவர் நிருபர்களிடம் விவரம் சொல்லிவிட்டார், மறுநாள் புஷ் கன்னத்தில் காயத்தோடு வந்து நன்றாக மென்று தின்னுங்கள் என்று சிரித்தார். அவரால் சிரிக்க முடிந்ததற்குக் காரணம், அடிபட்டது அவர் ஒருவர்தான். உங்கள் விஷயத்தில் வேறொருவர் கை உடைந்திருக்கிறது. ஆகவே நகைச்சுவை கூடாது, அந்த அம்மாவே சிரித்தாலும் கூடாது.

சரி, இப்போது செய்ய வேண்டியது. முதலில் தலைவர் அந்த அம்மாவையும் குடும்பத்தையும் பார்த்துவிட்டு வரட்டும். கேமரா வேண்டாம், உங்கள் செல்போனும் பையிலேயே இருக்கட்டும். ஆஸ்பத்திரிக் கட்டிலோடு ஒரு போட்டோ வெளியே வந்தால் அத்தனையும் நாடகம் என்றாகிவிடும், அதற்கப்புறம் எது சொன்னாலும் எடுபடாது. அவருடைய பெயரையோ உடல்நிலையையோ எவ்வளவு வெளியில் சொல்லலாம் என்பதையும் அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து வழக்கறிஞர். எதுவும் பேசாதீர்கள் என்றுதான் அவர் சொல்வார், அது அவர் வேலை. நீங்கள் கேட்க வேண்டியது, "என்னென்ன பேசலாம்?" என்பதை. வீடியோவில் ஊரே பார்த்ததை ஒத்துக்கொள்வதில் பெரும்பாலும் சிக்கல் இருக்காது. இப்படி நான்கு வரி போதும்: "நேற்று நான் ஓட்டிய சைக்கிள் ஒரு அம்மா மீது மோதி அவருக்குக் கை முறிந்துவிட்டது. அவர் மேல் எந்தத் தவறும் இல்லை. அவரிடம் நேரில் மன்னிப்புக் கேட்டேன். சிகிச்சைச் செலவை என் சொந்தப் பணத்தில் ஏற்கிறேன்." கடைசி வரி உண்மையாக இருந்தால் மட்டும் சேருங்கள். "துரதிர்ஷ்டவசமாக ஒரு சம்பவம் நிகழ்ந்துவிட்டது" என்று எழுதாதீர்கள், அதில் மோதியவரே இல்லை.

நிருபர்கள் கட்டாயம் கேட்பார்கள்: எவ்வளவு வேகம், கையில் போன் இருந்ததா, மோதிய பிறகு நின்றாரா, ஆம்புலன்ஸை யார் கூப்பிட்டது, இத்தனை மணி நேரம் ஏன் பேசவில்லை. கடைசிக் கேள்விக்கு "பயமாக இருந்தது, முன்பே பேசியிருக்க வேண்டும்" என்பதுதான் உண்மை என்றால் அதையே சொல்லட்டும். தெரியாததற்கு "விசாரித்து மாலை ஆறு மணிக்குள் சொல்கிறேன்" என்று சொல்லி, ஆறு மணிக்குள் நீங்களே போன் செய்யுங்கள், பதில் கிடைக்காவிட்டாலும் செய்யுங்கள். வீடியோவை எடுக்கச் சொல்லி மட்டும் யாரையும் கூப்பிட்டுவிடாதீர்கள், அந்த அழைப்பே நாளைய தலைப்புச் செய்தியாகிவிடும்.

அந்த அம்மாவுக்கு மாவுக்கட்டு பிரிக்க சில வாரங்கள் ஆகும். அந்தத் தேதியைத் தலைவரின் டைரியில் இப்போதே குறித்துவையுங்கள். அன்று அவர் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும், அதற்கு அறிக்கை எதுவும் வேண்டாம்.