அடுத்த நாட்டு உள்நாட்டுப் போரில் படை இறக்கலாமா? – கேள்வி பதில்

வெளிநாட்டு உள்நாட்டுப் போர்களில் ராணுவத் தலையீடு பற்றி நண்பர்கள் கேட்டவையும் என் பதில்களும்.

கே: ஒரு நாட்டுக்குள் அண்ணன் தம்பி அடித்துக்கொண்டால் வெளியாள் உள்ளே போகச் சட்டத்தில் இடம் இருக்கிறதா சார்?

இயல்பில் இல்லை. ஐ.நா. சாசனத்தின் 2(4) பிரிவு, இன்னொரு நாட்டின் மேல் படைபலத்தைக் காட்டாதே என்கிறது. விலக்கு இரண்டு: பாதுகாப்புச் சபையின் அனுமதி, தற்காப்பு. இவை போக, அந்த நாட்டு அரசே கூப்பிட்டால் போகலாம் என்பது வழக்கம். கூட்டம் அலைமோதுவது இந்தக் கடைசி வாசலில்தான். 2015 மார்ச்சில் சவூதி கூட்டணி ஏமனில் குண்டு போட்டது, அதிபர் ஹாதி அழைத்தார் என்று சொல்லித்தான். அதே ஆண்டு செப்டம்பர் 30 அன்று ரஷ்ய விமானங்கள் சிரியாவில் குண்டு போடத் தொடங்கியதற்கு அந்நாட்டு அதிபர் அசாத்தின் அழைப்பு. ஹாதி அழைத்தபோது தலைநகர் சனாவே அவர் கையில் இல்லை. அப்படிப்பட்டவரின் அழைப்பு செல்லுமா என்று சட்ட வல்லுநர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள்.

கே: படை வேண்டாம், கிளர்ச்சியாளர்களுக்கு ஆயுதம் மட்டும் கொடுத்தால்?

அதுவும் தலையீடுதான். நிகரகுவாவின் கான்ட்ரா கிளர்ச்சியாளர்களுக்கு ஆயுதமும் பயிற்சியும் கொடுத்தது தவறு என்று 1986இல் சர்வதேச நீதிமன்றம் அமெரிக்காவுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. அமெரிக்கா அதை மதிக்கவில்லை என்பது வேறு கதை.

கே: விமானத் தடை மண்டலம் அறிவித்தால் போதுமே? தரையில் ஒரு சிப்பாய் கூட இறங்க வேண்டாம். இதில் என்ன சிக்கல்?

அறிவிப்பைக் கேட்டு யாரும் விமானத்தைக் கொட்டகையில் விடமாட்டார்கள். முதலில் ரேடாரையும் விமான எதிர்ப்பு ஏவுகணைகளையும் அழிக்க வேண்டும். அதாவது முதல் நாளே போர்.

லிபியாவைப் பாருங்கள். 2011 மார்ச் 17, ஆட்சியாளர் கடாஃபியின் படை, கிளர்ச்சியாளர்கள் கையிலிருந்த பெங்காசி நகரை நெருங்கிக்கொண்டிருக்கிறது. விமானத் தடை மண்டலத்துக்கு இடம் கொடுக்கும் 1973 என்ற எண்ணுள்ள தீர்மானம் பாதுகாப்புச் சபையில் நிறைவேறுகிறது. ஆதரவு 10, எதிர்ப்பு யாருமில்லை. இந்தியா, சீனா, ரஷ்யா, ஜெர்மனி, பிரேசில் ஐந்தும் வாக்களிக்காமல் ஒதுங்கின. அந்தத் தீர்மானத்தின் 4ஆம் பத்தியைத்தான் நான் எல்லோரையும் படிக்கச் சொல்வேன். பொதுமக்களைக் காக்க ‘தேவையான எல்லா நடவடிக்கைகளும்’ எடுக்கலாம், ஆனால் எந்த வடிவிலும் அந்நிய ஆக்கிரமிப்புப் படை கூடாது என்கிறது. அதில் ஆட்சி மாற்றம் என்ற பேச்சே கிடையாது.

இரண்டே நாளில் நூற்றுக்கும் மேற்பட்ட அமெரிக்க, பிரிட்டிஷ் டோமஹாக் ஏவுகணைகள் லிபியாவின் வான் பாதுகாப்பு நிலைகளில் விழுந்தன. ஒரு மாதம்கூட ஆகவில்லை, அமெரிக்க அதிபர் ஒபாமா, பிரிட்டன் பிரதமர் கேமரூன், பிரெஞ்சு அதிபர் சர்கோசி மூவரும் சேர்ந்து கட்டுரை எழுதி, கடாஃபி பதவியில் இருக்கும் லிபியாவை நினைத்துப் பார்க்க முடியாது என்றார்கள். அக்டோபர் 20 அன்று சிர்ட்டேயிலிருந்து தப்ப முயன்ற கடாஃபியின் வண்டி வரிசையை, மேற்கு நாடுகளின் ராணுவக் கூட்டணியான நேட்டோவின் விமானங்கள் அடித்தன; பிறகு கிளர்ச்சியாளர்கள் பிடித்தார்கள், செத்துப்போனார். அக்டோபர் 31, நேட்டோ கடையைக் கட்டியது. 2014இல் அங்கே அடுத்த உள்நாட்டுப் போர். பெங்காசி அன்று தப்பியது என்பதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் காப்பாற்றப் போகிறோம் என்று வாங்கிய அனுமதியில் கவிழ்க்கும் வேலை நடந்தது. சிரியா விஷயம் சபைக்கு வந்தபோது ரஷ்யா வீட்டோ அதிகாரத்தால் பலமுறை தடுத்ததற்கு இதையே காரணமாகச் சொன்னது. அதற்கு வேறு கணக்குகளும் இருந்தன; ஆனால் இந்தச் சாக்கைத் தலையிட்டவர்களே எடுத்துக் கொடுத்தார்கள்.

கே: நீங்கள் ஒரு பக்கமாகப் பேசுகிறீர்கள். வேடிக்கை பார்த்ததால்தானே ருவாண்டா இனப்படுகொலை நடந்தது?

சரியான அடி. வாங்கிக்கொள்கிறேன். 1994 ஜனவரியிலேயே ஐ.நா. படைத் தளபதி ரோமியோ டலேர், ஆயுதக் கிடங்குகள் பற்றித் தகவல் கிடைத்திருக்கிறது, சோதனை போடப்போகிறேன் என்று நியூயார்க்குக்கு எழுதினார். வேண்டாம் என்று பதில் வந்தது. ஏப்ரலில் கொலைகள் தொடங்கியதும் ஐ.நா. படையிலிருந்த பெல்ஜியச் சிப்பாய்கள் பத்துப் பேர் கொல்லப்பட்டார்கள், பெல்ஜியம் தன் படையைத் திருப்பிக்கொண்டது. ஏப்ரல் 21 அன்று, பாதுகாப்புச் சபை அந்தப் படையை 270 பேராகக் குறைக்க முடிவெடுத்தது. சுமார் நூறு நாளில் ஏறத்தாழ 8 லட்சம் பேர் செத்தார்கள்.

எனக்கு மறக்காதது இன்னொன்று. அந்த முதல் வாரத்திலேயே பிரெஞ்சு, பெல்ஜியப் படைகள் கிகாலி விமான நிலையத்தில் வந்து இறங்கின. வெளிநாட்டவரை ஏற்றிக்கொண்டு பறந்துவிட்டன. படை இல்லை, விமானம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

கே: இந்திய அமைதிப்படை எந்த வகையில் சேரும்?

அழைப்பின் பேரில் போன வகை. 1987 ஜூலை 29 ஒப்பந்தம், ஜெயவர்த்தனா கையெழுத்து. சமாதானம் காக்கப் போன படை அக்டோபர் 10 முதல் புலிகளோடு போர் செய்தது. அதே மாதம் யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் டாக்டர்களும் நர்சுகளும் நோயாளிகளும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். யாரைக் காக்கப் போனோமோ அவர்கள் அதற்குப் பிறகு அந்தச் சீருடையை எந்தக் கண்ணால் பார்த்திருப்பார்கள்? அப்புறம் பிரேமதாசா வந்து ‘கிளம்புங்கள்’ என்றார். அவருடைய அரசே, இந்தியப் படையை எதிர்க்கப் புலிகளுக்கு ஆயுதமும் கொடுத்தது. சுமார் 1,200 வீரர்களை இழந்து 1990 மார்ச்சில் கடைசிக் கப்பல் கிளம்பியது. கூப்பிட்ட அரசு மனசு மாறினால் நம் நிலை என்ன என்று போகும்போது யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

கே: நாடாளுமன்றத்தில் ஓட்டெடுப்பு வைத்தால் அவசரப் போர்கள் குறையுமா?

குறையலாம். டமாஸ்கஸ் பக்கம் கூட்டாவில் 2013 ஆகஸ்ட் 21 அன்று ரசாயனத் தாக்குதல். எட்டே நாளில் பிரிட்டன் நாடாளுமன்றம் கூடியது. சிரியாவில் ராணுவ நடவடிக்கைக்கு வழிவிடும் அரசின் தீர்மானத்துக்கு ஆதரவு 272, எதிர்ப்பு 285. பதின்மூன்று ஓட்டில் பிரிட்டன் ஒதுங்கிக்கொண்டது. அன்று அந்த மன்றத்தில் சிரியாவைவிட 2003இன் ஈராக்தான் அதிகம் உட்கார்ந்திருந்தது என்பேன். ரசாயன ஆயுதத்துக்குத் தண்டனை கொடுப்பதா, உள்நாட்டுப் போரை முடித்துவைப்பதா என்ற இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டார்கள்.

சட்டம் இருந்தால் மட்டும் போதாது. அமெரிக்காவில் 60 நாளுக்கு மேல் சண்டை நீண்டால் காங்கிரஸ் ஒப்புதல் வேண்டும். லிபியாவில் குண்டு போட்டுக்கொண்டே ஒபாமா நிர்வாகம், இது அந்தச் சட்டம் சொல்லும் சண்டையே இல்லை என்று வாதாடியது!

கே: நல்லபடியாக முடிந்த தலையீடு ஒன்றாவது உண்டா ஐயா?

சியரா லியோனைச் சொல்லலாம். 2000 மே மாதம் பிரிட்டன் தன் குடிமக்களை மீட்க வந்து, தலைநகரும் விமான நிலையமும் கிளர்ச்சியாளர் கையில் விழாமல் காத்தது. ஏற்கெனவே அங்கே ஐ.நா. படை இருந்தது, அரசும் இருந்தது. 2002 ஜனவரியில் போர் முடிந்தது. கம்போடியாவில் மக்களைக் கொன்று குவித்த கெமர் ரூஜ் ஆட்சியை விரட்டியது வியட்நாம். 1979 ஜனவரி 7இல் நோம் பென் விழுந்தது. அதற்குப் பரிசாக வியட்நாமுக்குக் கண்டனம், கம்போடியாவின் ஐ.நா. இருக்கை தொடர்ந்து கெமர் ரூஜ் பக்கத்துக்கே!

கே: கல்லூரி விவாதத்தில் தலையீட்டுக்கு ஆதரவாகப் பேசப்போகிறேன். என்ன தயாரிக்கட்டும்?

குழந்தைகளின் படங்களைக் காட்டி ஆரம்பிக்காதே அம்மா, அதை எல்லோரும் செய்வார்கள். எத்தனை பேர் போகிறார்கள், சரக்கு எந்த விமான நிலையத்தில் இறங்கும், நிறுத்து என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு என்று எழுதிக்கொள். நீ செர்பியாவோடு மோதிய கொசோவோவை உதாரணம் காட்டினால், 78 நாள் குண்டுவீச்சுக்குப் பிறகு 1999இல் உள்ளே போன நேட்டோ படை ஏன் இன்னும் அங்கேயே இருக்கிறது என்று எதிரணி கேட்கும். அந்தப் பதிலை மட்டும் வீட்டிலேயே எழுதி வைத்துக்கொண்டு போ.