ஹரிகேன் எனும் பெரும்புயல் இன்னும் கரையைக் கடக்கவே இல்லை, அதற்குள் டொர்னேடோ, அதாவது மேகத்திலிருந்து தரைவரை இறங்கும் சுழல்காற்று, எப்படி வருகிறது?

மில்டன் புயலின்போது நானும் இதையேதான் கேட்டேன். 2024 அக்டோபர் 9 அன்று எல்லோரும் புளோரிடாவின் மேற்குக் கரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். புயலின் கண் சியெஸ்டா கீ அருகே கரையேறியபோது இரவு எட்டரை மணி. அதற்குச் சில மணி நேரம் முன்பே, மாநிலத்தின் மறுபுறம், அட்லாண்டிக் ஓரத்து செயின்ட் லூசி கவுண்டியில் டொர்னேடோ புகுந்துவிட்டது. வயதானவர்கள் வசித்த ஒரு குடியிருப்பில் மட்டும் 6 பேர் இறந்தார்கள். அங்கிருந்து புயலின் கண் 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு கனக்கிறது.

சரி, காரணத்துக்கு வருகிறேன். புயல் நிலத்தை நெருங்கும்போது தரையோடு போகும் காற்று மரம், வீடு, மேடுபள்ளம் எல்லாவற்றிலும் உரசி வேகம் குறைகிறது. சற்று உயரத்தில் வீசும் காற்றுக்கு அந்தத் தடை இல்லை. இரண்டு உள்ளங்கைக்கு நடுவே பென்சிலை உருட்டுவதுபோல, இடையில் உள்ள காற்று படுக்கைவாட்டில் உருளத் தொடங்கும். மேகத்துக்குள் மேலெழும் வெப்பக்காற்று அந்த உருளையை நிமிர்த்திவிட்டால் மேகமே சுழல ஆரம்பிக்கும். இப்படிப்பட்ட மேகங்கள் அதிகம் உருவாவது வெளிப்புற மழைப்பட்டைகளில், அதாவது புயலின் மையத்தைச் சுற்றி வளைந்து நீளும் மழைமேக வரிசைகளில். பட்டைகளின் இடைவெளியில் வெயில் பட்டுத் தரை சூடாவதும் அதற்குத் துணைபோகிறது. வட அரைக்கோளத்தில், புயல் போகும் திசையைப் பார்த்து நின்றால், முன்பக்கத்து வலப்புறம்தான் ஆபத்து மிகுந்த பகுதி.

பெரும்பாலானவை வலுக்குறைந்தவை, சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஆனால் எண்ணிக்கை மலைக்க வைக்கும். 1967-இல் பியூலா என்ற ஹரிகேன் 115 டொர்னேடோக்களை உருவாக்கியது. 2004-இல் ஐவன் என்ற ஹரிகேன் மூன்று நாளில் ஏறக்குறைய 120. அவை கடற்கரையோடு நிற்கவில்லை, வர்ஜீனியா வரை போயின. மில்டன் அன்று ஒரே நாளில் புளோரிடாவில் 126 டொர்னேடோ எச்சரிக்கைகள்!

என்னை அதிகம் பயமுறுத்துவது வேறொன்று. இந்த மேகங்கள் உயரம் குறைந்தவை. பல சமயம் இடி மின்னல்கூட இருக்காது. டொர்னேடோவின் புனல் வடிவச் சுழல் மழைக்குள் ஒளிந்தே வரும், ரேடாரிலும் சுழற்சி சின்னதாகத்தான் தெரியும். அதனால் எச்சரிக்கைக்கும் தாக்குதலுக்கும் நடுவில் கிடைப்பது சில நிமிடம்தான். திடமான வீடு என்றால் கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத உள்ளறைக்குப் போய்விடலாம். தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து வைக்கும் மொபைல் வீட்டில் அந்த வசதி இல்லை. அங்கே இருப்பவர்கள், கண் எங்கே கரையேறினாலும், முதல் மழைப்பட்டை வருவதற்கு முன்பே உறுதியான கட்டடத்துக்குப் போய்விட வேண்டும்.