டியூட்டி இல்லாத நாளில் ஏர்லைன் பைலட் வெளியே காசுக்கு விமானம் ஓட்டலாமா?

ஓட்டலாம். யாருக்காக ஓட்டுகிறார் என்பதைப் பொறுத்து விதி மாறும். நான் இருப்பது அமெரிக்காவில், அதனால் இந்த ஊர் நடைமுறையை வைத்தே சொல்கிறேன்.

எனக்கு செஸ்னா 172 என்ற சின்ன விமானத்தை ஓட்டக் கற்றுக்கொடுப்பவரே ஒரு பயணிகள் விமான நிறுவனத்தில் கோ-பைலட்தான். இங்கே இது சகஜம். ஏர்லைனில் சேர பெரும்பாலானவர்களுக்கு 1500 மணி நேரம் பறந்த அனுபவம் வேண்டும். அதைச் சேர்க்க மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் பலருக்கும் வழி, வேலை கிடைத்த பிறகும் சிலர் அதை விடுவதில்லை. ஒவ்வொரு முறையும் தரையிறங்கி இன்ஜினை அணைத்ததும் ஓடிய மணி நேரத்தைக் காட்டும் ஹாப்ஸ் மீட்டரைப் பார்த்து, பறந்த நேரத்தைப் பதியும் என் லாக்புக்கில் 1.3 மணி என்றோ 1.5 மணி என்றோ எழுதிக் கையெழுத்துப் போடுவார். அப்புறம் அதே எண்ணைத் தன் போனிலும் குறித்துக்கொள்வார். எதற்கு என்று கேட்டதற்கு, "இது கம்பெனிக்கு" என்றார்.

அரசாங்கத்துக்கு இல்லையா என்று எனக்கு ஆச்சரியம். விதியைப் படித்தால் புரிகிறது. பயணிகள் விமான பைலட்டுகளுக்கு 2014 ஜனவரியிலிருந்து அமெரிக்க விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான எஃப்ஏஏ-வின் பார்ட் 117 என்ற விதித்தொகுப்பு நடப்பில் இருக்கிறது. தொடர்ச்சியான 28 நாளில் 100 மணி நேரம், 365 நாளில் 1000 மணி நேரம், அதற்கு மேல் பறக்கக் கூடாது. இந்தக் கணக்கில் சேருவது உரிமம் பெற்ற விமான நிறுவனங்களுக்காகவும், ஜெட்டைப் பலர் பங்கு போட்டு வைத்திருக்கும் திட்டங்களுக்காகவும் பறந்த நேரம். அந்த 28 நாளுக்குள் ஏர்லைனில் 80 மணி பறந்துவிட்டு லீவில் ஒரு சார்ட்டர் (வாடகை விமான) கம்பெனிக்கு 25 மணி ஓட்டினால் மாட்டிக்கொள்வார். எனக்குச் சொல்லிக்கொடுத்த நேரம் அதில் வராது. ஏர் நேஷனல் கார்டு என்ற பகுதிநேர ராணுவ விமானப் படையில் ராணுவ விமானம் ஓட்டினாலும் வராது. அந்தப் பணிக்கு லீவு தர முடியாது என்று நிறுவனம் சொல்லவும் முடியாது, அதற்கு 1994-லிருந்து தனிச் சட்டம் இருக்கிறது.

சரக்கு விமானங்களுக்கு பார்ட் 117 கட்டாயம் இல்லை. அங்கே பழைய விதிதான்: வெளியே வணிக ரீதியில் ஓட்டிய நேரத்தையும் கூட்டித்தான் வரம்பைப் பார்ப்பார்கள். ஒரே வானத்தில் பறக்கும் இரண்டு பேருக்கு இரண்டு கணக்கு. எனக்கு இதில் நியாயம் தெரியவில்லை.

அப்படியானால் களைப்பை யார் கவனிப்பது? டியூட்டிக்கு முன் 10 மணி நேர ஓய்வை நிறுவனம் கொடுத்தாக வேண்டும். அந்த ஓய்வில் பைலட் தூங்கினாரா, டாக்ஸி ஓட்டினாரா என்று யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. கிளம்புமுன் 'பறக்கத் தகுதியான நிலையில் இருக்கிறேன்' என்று அவரே உறுதி கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். 2009 பிப்ரவரியில் நியூயார்க் மாநிலத்தில் பஃபலோ அருகே கோல்கன் ஏர் என்ற நிறுவனத்தின் பயணிகள் விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். அதன் துணை விமானி முன்பு கொஞ்ச காலம் காபிக் கடையிலும் வேலை பார்த்தவர் என்பது விசாரணையில்தான் வெளியே வந்தது. விபத்துக்கு அது காரணம் என்று யாரும் சொல்லவில்லை. கேப்டன் விமானத்தைக் கையாண்ட விதம்தான் காரணம் என்றது விசாரணை. ஆனாலும் பைலட்டுகளின் சம்பளமும் தூக்கமும் ஊர் முழுக்கப் பேச்சானது. பார்ட் 117 வந்ததற்கு அந்த விபத்தும் ஒரு காரணம்.

சட்டம் விட்ட இடத்தை நிறுவனங்கள் தங்கள் விதிப்புத்தகத்தில் அடைத்துவிடுகின்றன. வேறு நிறுவனத்துக்குச் சம்பளத்துக்கு ஓட்டப் பொதுவாக விட மாட்டார்கள். பறந்து தீர்க்கும் ஒவ்வொரு மணியும் அந்த 1000-இல் கழிகிறதே, அதை இன்னொருவனுக்கு ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. பயிற்சி கொடுப்பதற்கு எழுத்தில் முன் அனுமதி, மணி நேரக் கணக்கு என்று சிலர் கேட்பார்கள். என் இன்ஸ்ட்ரக்டர் போனில் குறித்துக்கொள்வது அதற்காகத்தான். சொந்த விமானத்தில் ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு சுற்றுவதை யாரும் அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை.

நீங்கள் ஏர்லைனில் சேரப்போகிறவர் என்றால், வெளிவேலை பற்றிய ஷரத்தை ஒப்பந்தத்திலும் விதிப்புத்தகத்திலும் தேடிப் படித்துவிடுங்கள். சீஃப் பைலட் வாயால் "பரவாயில்லை, ஓட்டு" என்று சொன்னால், அதையே ஒரு ஈமெயிலாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.