கோபம் செல்லும் இடம்

அன்புள்ள ஐயா,

வயது 34. சோழிங்கநல்லூரில் ஐ.டி. வேலை, வீடு பெரம்பூரில். ஆபீஸில் மேனேஜர் எல்லார் முன்னாலும் திட்டினாலும் வாய் திறக்க மாட்டேன். வீட்டுக்கு வந்ததும், சாப்பாடு ஆறிவிட்டது என்று அம்மாவிடம் கத்துகிறேன். எனக்குத் தன்னடக்கமே கிடையாது. தியானம், ஞாயிற்றுக்கிழமை மௌன விரதம் எல்லாம் பார்த்தாயிற்று. திங்கட்கிழமை பழைய கதைதான். மனதை எப்படித் திடப்படுத்துவது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

தன்னடக்கமே கிடையாது என்றால் மேனேஜர் முன்னால் அது எங்கிருந்து வருகிறது? ‘செல்லிடத்துக் காப்பான் சினங்காப்பான்’ என்று தொடங்குகிறது 301ஆம் குறள். கோபம் பலிக்கும் இடத்தில் அடக்குபவனே அடக்குபவன். பலிக்காத இடத்தில் அடக்கினால் என்ன, விட்டால் என்ன என்று குத்தலாகவே முடிக்கிறார் வள்ளுவர். ஆபீஸில் நீங்கள் காப்பாற்றுவது சம்பளத்தை. உங்கள் கோபம் செல்லுபடியாவது அம்மாவிடம்தான். (மௌன விரதத்தன்று அவருக்குப் பேச்சுத்துணையும் போயிருக்கும், பாவம்.)

கோபத்தை விழுங்குவதும் இலவசமல்ல. உளவியலாளர் ஜேம்ஸ் கிராஸ் 1998இல் வெளியிட்ட ஆய்வில், அறுவை சிகிச்சைப் படம் பார்த்தவர்களில் அருவருப்பை முகத்தில் காட்டாமல் மறைத்தவர்களுக்கு உள்ளே அது குறையவே இல்லை. உடம்பின் படபடப்புதான் கூடியது. அந்தப் படபடப்போடு ஓஎம்ஆர் நெரிசலில் ஊர்ந்து, பசியோடு படியேறுகிறீர்கள். அந்த நேரத்தில் மன உறுதியை மட்டும் நம்பினால் தோற்பீர்கள். 1960களின் கடைசியில் உளவியலாளர் வால்டர் மிஷெல் சிறு பிள்ளைகளிடம் நடத்திய இனிப்புச் சோதனையில், உடனே தின்னாமல் காத்திருந்தால் கூடுதலாகக் கிடைக்கும் என்றபோது, தாக்குப்பிடித்த பிள்ளைகள் பலர் பல்லைக் கடித்துக்கொண்டு இனிப்பை முறைக்கவில்லை. கண்ணைப் பொத்திக்கொண்டார்கள், திரும்பி உட்கார்ந்தார்கள், பாட்டுப் பாடினார்கள்.

நீங்களும் கிளம்புமுன் ஏதாவது சாப்பிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் முகம் கழுவிவிட்டுக் குழம்பை நீங்களே சூடுபண்ணுங்கள். அம்மா ‘குடுடா, நான் பண்றேன்’ என்று கரண்டியைப் பிடுங்குவார், கொடுக்காதீர்கள். அது கொதிக்கிற நேரம் உங்களுக்கு வேண்டும்.

இதைவிடக் கடினமான வேலை ஆபீஸில் இருக்கிறது. அடுத்தமுறை மேனேஜர் திட்டினால், மறுநாள் தனியாகப் போய், ‘தப்பு இருந்தா ரூம்ல கூப்பிட்டுச் சொல்லுங்க சார், எல்லார் முன்னாடியும் வேண்டாம்’ என்று குரல் உயராமல் சொல்ல முடிகிறதா பாருங்கள். அவர் எப்படி எடுத்துக்கொள்வார் என்பது அவர் பாடு. போகுமுன் அந்த வாக்கியத்தை ஒரு தாளில் எழுதி இரண்டு தடவை வாய்விட்டுப் படித்துக்கொள்ளுங்கள்.