ஆண்ட்ராய்டு போனின் பூட்லோடரைத் திறந்தால் தரவெல்லாம் ஏன் அழிகிறது?

அது கோளாறு அல்ல, வேண்டுமென்றே வைத்த பாதுகாப்பு. பூட்லோடர் என்பது போன் எழும்போது இயங்குதளத்தை ஏற்றும் நிரல். அது பூட்டியிருக்கும்வரை தயாரிப்பாளர் மின்னணு முறையில் கையொப்பமிட்ட இயங்குதளம் மட்டுமே ஏறும். திறந்துவிட்டால் எவர் எழுதியதும் ஏறும். தரவு அப்படியே இருந்தால், போனைத் திருடியவன் தன் இயங்குதளத்தை ஏற்றி உங்கள் படங்களைத் துருவப் பார்ப்பான். அதனால்தான் திறக்கும்போதே எல்லாம் துடைக்கப்படுகிறது.

முதலில் காப்பு நகல் எடுங்கள். பிறகு செட்டிங்ஸில் ‘பில்ட் நம்பர்’ வரியை 7 முறை தட்டி, அப்போது தோன்றும் டெவலப்பர் ஆப்ஷன்ஸில், பூட்லோடரைத் திறக்க அனுமதிக்கும் ‘ஓஇஎம் அன்லாக்கிங்’ வசதியை இயக்குங்கள். அது மங்கலாகக் கிடந்து தட்டினாலும் அசையாவிட்டால், தயாரிப்பாளரோ நெட்வொர்க் நிறுவனமோ தடுத்திருக்கலாம். காசு கொடுத்து வாங்கிய பொருளுக்கு இது அநியாயம்தான்.

திறந்தபின் சில வங்கிச் செயலிகள் முரண்டு பிடிக்கும். மாற்று இயங்குதளத்தை ஏற்றிவிட்டு, அதன் கையொப்பத்தைச் சரிபார்க்கும் சாவியைப் போனில் பதியாமல் மறுபடி பூட்டாதீர்கள். கையொப்பம் பொருந்தாமல் போன் எழவே எழாது.