ஒரகடம் கம்பெனி வேலைக்கு ஏஜெண்டிடம் பணம் கட்டலாமா?

கேள்வி: மகன் ஐ.டி.ஐ. ஃபிட்டர் முடித்திருக்கிறான். ஒரகடத்தில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையை விரிவாக்குகிறார்கள், ஆயிரம் பேருக்கு வேலை என்கிறார்கள். ஐம்பதாயிரம் கட்டினால் பெர்மனன்ட் வேலை என்கிறார் ஏஜெண்ட். நம்பலாமா? – ஒரு வாசகி, செய்யாறு

பதில்: கட்டாதீர்கள் அம்மா. ஆயிரம் பேர் என்பது முதலீட்டு அறிவிப்பில் வரும் கணக்கு. நாளைக்கே யாரும் ஆயிரம் பேரை எடுக்கப் போவதில்லை. மெஷின் வந்து இறங்கி, கார் கம்பெனி சாம்பிள் உதிரிபாகத்தைச் சோதித்து ஒப்புக்கொண்ட பிறகுதான் உற்பத்தி லைனுக்கு ஆள் சேர்ப்பார்கள், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக.

பெர்மனன்ட் ஆர்டர் ஏஜெண்ட் கையில் இல்லை. அவர் கொண்டுபோய் விடுவது காண்ட்ராக்டரிடம். ஆள் அனுப்புவதற்கு காண்ட்ராக்டருக்குக் கம்பெனியே பணம் தருகிறது. அப்புறம் உங்களிடம் எதற்கு? யூனிஃபார்ம், மெடிக்கல், ரூம் அட்வான்ஸ் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் கொடுக்க வேண்டாம். ஒரிஜினல் மார்க்‌ஷீட்டை மட்டும் யாரிடமும் விட்டுவிடாதீர்கள். வேலையை விட நினைக்கும்போது அதை வைத்துத்தான் பையனை மடக்குவார்கள்.

1981-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படி, 24 மாதத்தில் 480 நாள் வேலை பார்த்தவர் நிரந்தரத் தொழிலாளி. அதைத் தவிர்க்கத்தான் இடையில் பிரேக் விடுவதும் காண்ட்ராக்டரை மாற்றுவதும். பி.எஃப். பாஸ்புக்கைப் பார்த்தால் தெரியும்: அதே மெஷின், அதே ஷிஃப்ட், முதலாளி பெயர் மட்டும் மாறியிருக்கும். கம்பெனியில் கேட்டால் ‘அவன் எங்கள் ஆளே இல்லை’ என்பார்கள். சட்டம் வந்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் ஆதாரத்தைத் தூக்கிக்கொண்டு தொழிலாளிதான் அலைகிறான். ஃபைல் நகர்வதற்குள் பையன் வேறு ஊருக்கே போய்விடுகிறான். இதை மாற்ற எந்த அரசும் அவசரம் காட்டியதில்லை.

ஒன்றை மட்டும் பிரித்துப் பாருங்கள்: அப்ரண்டிஸ், அதாவது தொழில் பழகுநர் பயிற்சி. 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் சேர்ந்தால் அவன் தொழிலாளி அல்ல. கிடைப்பது உதவித்தொகை. பி.எஃப்., இ.எஸ்.ஐ. இல்லை, அந்த நாட்கள் 480-இல் சேராது. ஆனாலும் தேர்வில் தேறினால் நாடு முழுக்கச் செல்லும் சான்றிதழ் கிடைக்கும் என்பதால், ஐ.டி.ஐ. முடித்தவனுக்கு அது நல்ல வழி. அரசின் அப்ரண்டிஸ் இணையதளத்தில் ஒப்பந்தம் பதிவாகியிருக்க வேண்டும். பதிவே இல்லாமல் ‘டிரெயினி’ என்று சொல்லி லைனில் நிறுத்தினால் அது அப்ரண்டிஸ் பயிற்சி ஆகாது. அங்கே மேலே சொன்ன 480 நாள் கணக்கைக் கேட்கலாம்.

மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலக முகாமும் தமிழ்நாடு தனியார்துறை வேலை இணையமும் இலவசம். இரண்டிலும் பதியச் சொல்லுங்கள். சேரும் நாளில் ஆர்டரில் கம்பெனி பெயர் இருக்கிறதா, காண்ட்ராக்டர் பெயரா என்று பார்த்து, சம்பளச் சீட்டையும் அடையாள அட்டை நகலையும் மாதாமாதம் வீட்டில் பத்திரமாக வையுங்கள்.